காற்றில் விடாத கேஸ்

என் கணவர் ஏ.சி. மெக்கானிக். நான் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அவருடைய வேலையும் என்னுடைய பாடமும் ஒன்றையொன்று தொட்டதில்லை. அவர் எண்ணெய்க் கறையோடு வருவார், நான் சாக்பீஸ் தூளோடு வருவேன். இரண்டு பேர் துணியையும் ஒரே வாளியில் ஊறப்போடுவேன். சம்பந்தம் அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அந்தச் சம்பந்தம் மாறியது. பழங்காநத்தத்தில் நாங்கள் குடியிருக்கும் மாடி வீட்டின் தரையில் சார்ட் அட்டையை விரித்துத் திங்கட்கிழமை வகுப்புக்குப் படம் வரைந்துகொண்டிருந்தேன். இடது பக்கம் அமில மழை: புகைபோக்கி, மேகம், கரைந்த பளிங்குச் சிலை. வலது பக்கம் ஓசோன் படலம்: பூமியைச் சுற்றி ஒரு நீலக்கோடு, அதில் ஒரு ஓட்டை. வருஷா வருஷம் வரைவதுதான். அவர் தெருமுனையில் வாங்கிவந்த பருத்திப்பாலைக் குடித்துக்கொண்டே என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

“டீச்சர், இந்தக் குளோரின் ஃப்ளோரின்னு எழுதிருக்கியே, எங்க சிலிண்டர்லயும் இது மாதிரிதானே போட்டுருக்கான்?”

அவர் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். கேலியாக ஆரம்பித்தது, பிறகு பெயராகவே ஆகிவிட்டது.

“அதேதாங்க. ஃப்ரிட்ஜ், ஏ.சி.ல இருக்க கேஸு மேல போயி ஓசோன அரிக்குதுன்னு பாடம்.”

வண்ணப் பென்சிலைச் சீவிக்கொண்டே சொன்னேன். தலை நிமிரக்கூட இல்லை. எத்தனை வருஷமாக ‘குளிர்சாதனப் பெட்டிகளில் உள்ள வாயு’ என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவருகிறேன்! ஒருநாளாவது அந்த வரியில் என் வீட்டுக்காரர் இருக்கிறார் என்று எனக்குத் தோன்றியதில்லை. அந்த ‘பாடம்’ என்ற சொல்லை நான் சொன்ன அலட்சியம் இப்போதும் காதில் கேட்கிறது.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“எது, இருபத்திரெண்டாம் நம்பரா?”

“நம்பரெல்லாம் புத்தகத்துல இல்லீங்க.”

“இந்த ஊர்ல பழைய ஏ.சி. எல்லாத்துலயும் அதான் ஓடுது. மிஷின எடம் மாத்தணும்னாலும் அதான், கம்ப்ரஸர் மாத்தணும்னாலும் அதான். மொதல்ல உள்ள இருக்க கேஸ வெளிய விடணும். நட்டத் தளத்துனா உஸ்ஸுன்னு போயிரும். காத்துதானேன்னு நெனச்சேன்.” கொஞ்சநேரம் சார்ட்டையே பார்த்தார். “எம்புட்டு விட்டுருப்பேன் டீச்சர் நான்?”

நான் ஓட்டையைச் சுற்றி நீலம் தீட்டிக்கொண்டிருந்தேன்.

அதை மறந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் மறக்கவில்லை. சில மாதங்கள் கழித்து, கேஸ் விற்கும் கடையில் ஒரு தகவல் ஒட்டியிருந்ததாம். மெக்கானிக்குகளுக்கு இரண்டு நாள் இலவச வகுப்பு. பத்தாவதோடு படிப்பை விட்டவர், என்னிடமிருந்து ஒரு கோடு போட்ட நோட்டை வாங்கிக்கொண்டு, “நானும் பாடம் படிச்சிட்டு வாரேன்” என்று போனார். திரும்பிவந்தபோது அந்த நோட்டில் பதினான்கு பக்கம் எழுதியிருந்தார். எழுத்து கோணல்மாணலாக இருந்தது. ஆனால் ஒரு வரிகூட விடவில்லை.

பழைய கேஸைக் காற்றில் விடாமல், ஒரு சின்ன இயந்திரத்தை மாட்டி உறிஞ்சி, தனி சிலிண்டரில் அடைக்க முடியும் என்று அந்த வகுப்பில் காட்டியிருக்கிறார்கள். அதற்கு அவர் வைத்துக்கொண்ட பேர் ‘பிடிக்கிறது’. சுத்தமாக இருக்கிற கேஸைப் பிடித்து, வேலை முடிந்ததும் அதே மிஷினில் திரும்ப ஏற்றிவிடலாம். கம்ப்ரஸர் எரிந்துபோன மிஷினில் அப்படி முடியாது. உள்ளே இருக்கும் எண்ணெய் கறுத்துப் புளித்து, கேஸோடு அமிலம் கலந்திருக்கும். அதை எதற்கும் ஆகாத கேஸ் என்று தனியாக அடைத்து, அழிப்பதற்கென்று இருக்கும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும்.

“எங்கேங்க ஒப்படைக்கணும்?” என்று கேட்டேன்.

“அதுக்கு ஏற்பாடு இருக்காம். நம்பர் குடுத்துருக்காங்க.” நோட்டின் கடைசிப் பக்கத்தைக் காட்டினார். ஒரு தொலைபேசி எண்ணைக் கட்டம் போட்டு எழுதியிருந்தார்.

அந்த இயந்திரத்தையும், நல்ல கேஸுக்கு ஒன்று, எரிந்த கேஸுக்கு இரண்டு என்று மூன்று காலி சிலிண்டர்களையும் எங்கிருந்தோ பழையதாகத் தேடி வாங்கிவிட்டார். காளவாசல் பக்கத்தில் அவருக்கு ஒரு கடை உண்டு. கடை என்றால் ஷட்டர் போட்ட ஒற்றை அறை. அதில் அவருக்கு ஒரு பங்காளி. வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர், தொழிலில் இருபது வருஷக் கூட்டு. இருவரும் ஒருவரையொருவர் மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். என்னை அவர் தங்கச்சி என்பார். வாங்கிவந்த இயந்திரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு அந்த அண்ணன் சொன்னார்:

“மாப்ள, ஊரே ஓட்டையா இருந்து ஊதுது. நீ ஒருத்தன் வெரல வச்சு அடைச்சா நிக்குமா?”

“நிக்காது மாப்ள. ஆனா ஓட்டை போட்டதுல என் கை இருக்காதுல்ல.”

அந்த அண்ணனுக்குப் புரிந்ததோ இல்லையோ, அதன் பிறகு தடுக்கவில்லை.

ஒருமுறை அவர் வேலை செய்வதை நானே பக்கத்தில் இருந்து பார்த்தேன். கே.கே. நகரில் என்னோடு வேலை பார்க்கும் டீச்சர் வீடு. முன்னறை ஏ.சி.யைப் படுக்கையறைக்கு மாற்ற வேண்டும். நான்தான் சொல்லி அனுப்பியிருந்தேன். லீவு நாளாக இருந்ததால் நானும் கூடப் போயிருந்தேன். அவர் இயந்திரத்தை மாட்டினார். அது மாவு மில் மாதிரி இரைந்துகொண்டே இருந்தது. டீச்சருடைய கணவர் மூன்று தடவை வந்து எட்டிப் பார்த்தார்.

“என்னண்ணே, போன வருஷம் வந்தவரு பத்து நிமிஷத்துல கழட்டிட்டாரே?”

“அவரு காத்துல விட்டுருப்பாரு சார். நான் பிடிக்கிறேன்.”

“பிடிச்சு?”

“மாட்டினதும் உங்களுக்கே திரும்ப ஏத்திருவேன்.”

“முழுசும் ஏத்துவீங்களா? இல்ல, கொஞ்சம் உங்க சிலிண்டர்லயே நின்னுருமா?”

கேட்டவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். என் வீட்டுக்காரர் குனிந்து மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பிடரி மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அது சிவந்து போனது. டீச்சர் அவசரமாக, “காபி போடவா?” என்று உள்ளே போய்விட்டார். அன்று வேலை முடிந்து வண்டியில் வரும்போது நான் முதுகில் சாய்ந்துகொண்டு, “விடுங்க” என்றேன். அவர், “எதை?” என்று கேட்டார். எதை என்று எனக்கும் தெரியவில்லை.

கேஸ் திருடுகிறவர் என்ற பேச்சு அந்தப் பகுதியில் மெல்லப் பரவியது. ஒரு நாளில் மூன்று வீடு முடித்த கூட்டாளிகள் இருவரும் ஒரு வீட்டோடு நின்றார்கள். சில வாடிக்கையாளர்கள் பங்காளி அண்ணனுக்குத் தனியாகப் போன் பண்ணி, “நீங்க மட்டும் வாங்கண்ணே, அவரு வேணாம்” என்றார்கள். அந்த அண்ணன் அதை மறைக்காமல் கடையில் வைத்தே சொன்னார். “போயிட்டு வா” என்றார் இவர். கோபமில்லாமல்தான் சொன்னார்.

இரண்டு வருஷத்துக்குள் எரிந்த கம்ப்ரஸர் கேஸால் அதற்கென்று வைத்திருந்த இரண்டு சிலிண்டரும் நிறைந்தன. நிறைந்த அன்றுதான் நோட்டின் கடைசிப் பக்கத்து எண்ணுக்குப் போன் பண்ணினார். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது பெண் குரல். கேஸ் வாங்கும் கடையில் கேட்டார். “புதுசு விப்போம்ணே, பழசு எடுக்கிறதில்ல.” வகுப்பு நடத்திய இடத்துக்குப் போனார். அந்தத் திட்டம் முடிந்துவிட்டதாம், வகுப்பு எடுத்தவர் வேறு ஊருக்குப் போய்விட்டாராம். ஒரு அரசு அலுவலகத்துக்குப் போனார். அங்கே ஒரு மேசையில் இருந்தவர் இன்னொரு மேசையைக் காட்டினார். அந்த மேசைக்காரர் நல்ல மனிதர், உட்காரச் சொல்லி முழுவதும் கேட்டாராம். கேட்டுவிட்டு, “மனுவா எழுதிக் குடுங்க” என்றாராம்.

மனுவை நான்தான் எழுதினேன். ஓசோன் படலம் என்றால் என்ன, இந்த வாயு அதை எப்படிச் சிதைக்கிறது, என் கணவர் எவ்வளவு சிரமப்பட்டுச் சேர்த்திருக்கிறார் என்று இரண்டு பக்கம். என் வாழ்க்கையில் நான் எழுதிய நல்ல தமிழ் அதுதான் என்று நினைக்கிறேன். ஆறு வாரம் கழித்து ஒரு கடிதம் வந்தது. தக்க நடவடிக்கைக்காக உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று இரண்டு வரி. உரிய பிரிவு எது என்று அதில் இல்லை.

சென்னைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இதை அழிக்கும் வசதி இருப்பதாக யாரோ சொன்னார்கள். போனில் பிடித்தோம். அவர்கள் லாரிக் கணக்கில்தான் எடுப்பார்களாம். இரண்டு சிலிண்டர் என்றதும் அந்தப் பக்கம் பேசியவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு வருத்தப்பட்டு, “கொண்டுவந்து குடுத்தீங்கன்னா பாக்கலாம் சார்” என்றார். எந்தப் பார்சல் ஆபீஸும் அதைத் தொடவில்லை. பஸ்ஸில் ஏற்ற முடியாது. அது குண்டு மாதிரியே இருந்தது.

அதனால் இரண்டும் எங்கள் வீட்டுக்கு வந்தன. கடை ஷட்டர் வெயிலில் தகிக்கும், வீட்டிலாவது நிழல் இருக்கிறது என்று கொண்டுவந்து, மாடிப்படிக்குப் பக்கத்தில் குளியலறைச் சுவரோரம் நிறுத்தினார். சூடு ஏறினால் உள்ளே அழுத்தம் ஏறும். சித்திரை, வைகாசியில் காலையும் மத்தியானமும் கோணிச்சாக்கை நனைத்துச் சுற்றுவார். அவர் வேலைக்குப் போனால் நான் சுற்றுவேன். எங்கள் வீட்டில் ஏ.சி. கிடையாது. மொட்டைமாடிச் சூடு முழுவதும் எங்கள் தலைக்குமேல்தான் இறங்கும். நாங்கள் டேபிள் ஃபேன் முன்னால் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு கிடப்போம். இரண்டு சிலிண்டரும் ஈரச்சாக்குக்குள் ஜில்லென்று நிற்கும். குழந்தைக்குக் காய்ச்சலுக்கு ஈரத்துணி போடுகிற மாதிரி இருக்கிறதே என்று ஒருநாள் சொன்னேன். அவர் சிரித்தார். அவர் சிரித்தது எனக்கு நினைவிருக்கிற கடைசி நாட்கள் அவை.

தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு ஜவுளிக்கடையில் அவசர வேலை வந்தது. கடையின் மொட்டைமாடியில் மூன்று பக்கமும் சுவர், நாலாவது பக்கம் பெரிய பிளெக்ஸ் போர்டு, அதன் ஓரமாக ஒரு ஆள் நுழையும் வழி. அந்த இடுக்கில் வெளியே வைக்கும் யூனிட்டுகள் வரிசையாக இருந்தன. ஒன்றில் கம்ப்ரஸர் மாற்றிக் குழாயை நெருப்பால் ஒட்ட வேண்டும். பக்கத்தில் இருக்கும் இன்னொன்றைக் கழற்றி எடுக்க வேண்டும். முதல் யூனிட்டின் கேஸை இவர் பிடித்து முடித்துவிட்டார். இரண்டாவதையும் பிடிக்க இன்னும் ஒரு மணி நேரமாகும். கீழே மேனேஜர் கத்திக்கொண்டிருந்தார். “கூட்டம் உள்ள வந்துருச்சுண்ணே, வேர்வையில நிக்குது. பதினோரு மணிக்குள்ள குளிரணும்!”

பங்காளி அண்ணன் பொறுத்துப் பார்த்திருக்கிறார். பிறகு, இவருக்குச் சொன்னால் விடமாட்டார் என்று, சொல்லாமல் இரண்டாவது யூனிட்டின் நட்டைத் தளர்த்திவிட்டார். கீழே இருந்த ஜெனரேட்டர் சத்தத்தில் உஸ் என்ற சத்தம் கேட்கவில்லை. அந்தக் கேஸ் காற்றைவிடக் கனமானது. மேலே எழும்பாமல் அந்த இடுக்கிலேயே தேங்கி நின்றிருக்கிறது. இவர் குனிந்து நெருப்பைப் பற்றவைத்தார்.

நீலமாக எரிய வேண்டிய சுடர் பச்சையாக எரிந்தது.

அந்தப் பச்சைக்கு என்ன அர்த்தம் என்று பழைய மெக்கானிக்குகளுக்குத் தெரியும். கேஸ் நெருப்பில் விழுந்து வேறொன்றாக மாறுகிறது, அதை மூச்சில் இழுக்கக்கூடாது. அவருக்கும் தெரியும். வெளியே போகும் வழியில் அந்த அண்ணன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். இவர் நெருப்பை அணைத்து, “எந்திரி! எந்திரி!” என்று கத்தி, அவரைத் தோளால் தள்ளி வெளியே உருட்டிவிட்டுப் பின்னால் வந்திருக்கிறார். கத்துவதற்கு மூச்சை இழுக்க வேண்டும் இல்லையா? அந்த ஒரு மூச்சுதான்.

அப்போது இருமலோடு சரியாகிவிட்டது போல இருந்ததாம். மேனேஜர் சோடா வாங்கிக் கொடுத்தாராம். வேலையை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தவர் சாயங்காலம் சட்டைப் பொத்தானைக் கழற்றும்போது, “டீச்சர், மாடிப்படி ஏறின மாதிரியே இருக்கு, நிக்க மாட்டேங்குது” என்றார். அவர் படியேறி வந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. உதடு நீலமாக இருந்தது. ஆட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

“என்ன வேலை பாக்குறாரு? ஆசிட் எதும் மோந்தாரா?” என்று கேட்டார் டாக்டர். ரொம்பச் சின்ன வயதுப் பெண்.

“ஆசிட் இல்லம்மா, ஏ.சி. கேஸு.”

“அது எரிஞ்சா உள்ள போயி ஆசிட்டாத்தாங்க ஆகும். நுரையீரல் ஈரமா இருக்குல்ல?”

நான் தலையாட்டினேன். எனக்குத் தெரிந்ததுதான். வாயு நீரில் கரைந்தால் அமிலமாகிறது. கரும்பலகையில் மேகம் வரைந்து, மேகத்திலிருந்து கோடு கோடாக மழை வரைந்து, ஒவ்வொரு வருஷமும் அதைத்தான் சொல்லித் தருகிறேன். மழைத்துளிக்குள் நடப்பதாகச் சொன்னது அவர் நெஞ்சுக்குள் நடந்துகொண்டிருந்தது. வார்டு வாசலில் நின்று ஜெபம் பண்ணப் பார்த்தேன். வார்த்தை வரவில்லை. பாடப்புத்தகத்தின் வரிகள்தான் வரிசையாக வந்தன.

பத்தொன்பது நாள் கழித்து வீட்டுக்கு விட்டார்கள். உயிர் தங்கியது. ஆனால் நுரையீரலில் பட்டது பட்டதுதான், இனி அது பழையபடி ஆகாது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். எங்கள் மாடிப்படி பதினாறு படி. மேலே வந்துசேர அவருக்கு அரை மணி நேரம் ஆனது. அதன்பிறகு ஆஸ்பத்திரிக்குத் தவிர அவர் இறங்குவதில்லை. சர்ச்சுக்குக்கூட நான் மட்டும்தான் போகிறேன்.

பங்காளி அண்ணன் வாரம் தவறாமல் வருவார். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் சமையலறை வாசலில் வந்து நின்று, “தங்கச்சி, நாந்தான் தொறந்தேன். அவன் உங்கிட்ட சொல்லிருக்கானா?” என்று கேட்டார்.

“சொல்லலண்ணே. எதோ லீக்குன்னுதான் சொன்னாரு.”

அந்த அண்ணன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். எனக்கு அவர்மேல் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஊரில் எல்லோரும் தினமும் செய்வதைத்தான் அவரும் செய்தார்.

பங்குனி பிறந்ததும் கீழ்வீட்டுக்கார அம்மா மேலே வந்தார். வீடு அவருடையது. நல்ல பழக்கம், கறிக்குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் எங்களுக்கு வரும். “டீச்சர், தப்பா எடுத்துக்கிறாதீங்க. அந்த ரெண்டு குண்டையும் எடுத்துருங்க. உங்க வீட்டுக்காரருக்கு ஆனதப் பாத்த பெறகு எனக்கு ஒறக்கமே இல்ல. வெயிலு வேற வருது” என்றார். நான் என்ன வாதாட முடியும்? நான் பள்ளிக்கூடம் போனால் சாக்கு நனைக்க ஆளில்லை. அவரே எழுந்து போய் நனைக்கப் பார்த்து ஒருமுறை குளியலறைச் சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார்.

ஒரு சனிக்கிழமை காலை பங்காளி அண்ணன் லோடு ஆட்டோ கொண்டுவந்தார். சிலிண்டர்களை இறக்கினோம். உள்ளேயிருந்து, “யாரு எடுத்துக்கிறாங்க?” என்று குரல் வந்தது.

“சென்னைக்காரங்க ஆளு அனுப்பிருக்காங்க. ரிங்ரோட்டுல வண்டி நிக்குதாம், அங்க போயி ஏத்தணும்” என்றேன். அதற்குமுன் அவரிடம் பெரிதாகப் பொய் சொன்னதில்லை. அது இவ்வளவு சுலபமாக வரும் என்று எனக்குத் தெரியாது.

ரிங்ரோட்டைத் தாண்டிப் பழைய இரும்பு எடுக்கிற இடத்துக்குப் போனோம். அந்த ஆள் சிலிண்டரைத் தட்டிப் பார்த்து, “கேஸோட எடுக்க மாட்டேன்மா. காலி பண்ணிக் குடுங்க” என்றார். பக்கத்தில் பெரிய பொட்டல். சீமைக்கருவேலம், காய்ந்த புல், தூரத்தில் யானைமலை. ஆள் நடமாட்டம் இல்லை. ஆட்டோவை அங்கே விட்டு இறக்கினோம். பங்காளி அண்ணன் வால்வில் கையை வைத்தார். வைத்த கையைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

“என்னால முடியல தங்கச்சி. சத்தியமா முடியல.”

காற்று வீசும் பக்கத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு நான் திறந்தேன்.

உஸ் என்று அவர் சொன்ன சத்தத்தை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். வெள்ளைப் புகை தரையோடு தரையாக ஓடியது. வால்வில் பனி கட்டியது. அந்தக் கொதிக்கிற வெயிலில், என் கால்மாட்டில் இருந்த புல் ஒரு நிமிஷத்தில் வெள்ளையாக உறைந்தது. ஒரு புளித்த நெடி வந்து போனது. எத்தனை வீடுகள், எத்தனை மணி நேரங்கள், எத்தனை பேருடைய சந்தேகப் பார்வைகள் என்று நினைக்கத்தான் செய்தேன். ஆனால் அழுகை வரவில்லை. எப்போது முடியும் என்றுதான் இருந்தது. ஒன்று முடிந்து மற்றதைத் திறந்தபோது வால்வு சிக்கிக்கொண்டது. அழுத்தித் திருகினேன். விரல்களில் சுரீர் என்றது. மத்தியானம் ஆகிவிட்டது எல்லாம் தீர. இரும்புக்காரர் இரண்டு காலி சிலிண்டரையும் சட்டென்று தூக்கி எறிந்தார், அவை இப்போது கனமே இல்லாமல் இருந்தன.

வீட்டுக்கு வந்ததும் அவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் தெளிவாக இருந்தது.

“ஏத்திட்டாங்களா?”

“ஏத்திட்டாங்க.”

“நிமித்தி வைக்கச் சொன்னியா? படுக்கப் போடக்கூடாது.”

“சொன்னேங்க.”

“பரவால்ல டீச்சர். ரெண்டு சிலிண்டருன்னா ரெண்டு சிலிண்டர்.” இருமலுக்கு நடுவில் சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அவராக எதையும் நல்லது என்று சொன்னது அன்றுதான். பங்காளி அண்ணன் கதவோரத்திலேயே நின்று, “ஆமா மாப்ள” என்று சொல்லிவிட்டு உடனே போய்விட்டார்.

சாப்பாடு கொடுக்கும்போது தட்டை வாங்கியவர் என் வலது கையைப் பார்த்தார். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் தோல் வெளுத்துக் கொப்புளம் எழும்பியிருந்தது. நெருப்புக் கொப்புளம் அப்படி இருக்காது. கேஸின் குளிர் சுட்ட புண் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா? இருபது வருஷமாக அவருடைய கைகளில் நான் மருந்து போட்ட புண் அது.

அவர் ரொம்பநேரம் அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டிருந்தார். சோறு ஆறிப்போனது. பிறகு, “துணியச் சுத்திக்கிட்டாச்சும் திருகிருக்கலாம்ல” என்றார். தேங்காயெண்ணெய் எடுத்துவரச் சொல்லி அவரே தடவிவிட்டார். அதைப்பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. எண்ணெய் தடவிய கையைத் தன் வேட்டியில் துடைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பள்ளியில் அதே பாடம் திரும்பவும் வந்தது. ஓசோன் படலம் மெல்ல மெல்லச் சீராகிவருகிறது என்று இப்போது சொல்கிறார்கள். இருக்கலாம். அதில் எங்களுக்குப் பங்கு ஒன்றும் இல்லை. புது ஏ.சி.களில் வரும் கேஸ் ஓசோனைத் தொடாதாம், ஆனால் பூமியைச் சூடாக்குமாம். வெயில் கூடக் கூட ஏ.சி. கூடுகிறது, ஏ.சி. கூடக் கூட வெயில் கூடுகிறது. இதை வகுப்பில் சொல்லிவிட்டு, ‘ஆகவே நாம் செய்ய வேண்டியவை’ என்ற தலைப்புக்கு வரும்போது, புத்தகத்தில் இருப்பதை வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

இந்த வருஷம் பக்கத்து வீட்டில் ஏ.சி. மாட்டினார்கள். இடமில்லாமல் வெளியே வைக்கும் யூனிட்டை எங்கள் ஜன்னலுக்கு நேராக வைத்துவிட்டார்கள். அதன் அனல் நேரே அவர் கட்டிலுக்கு வருகிறது. ஒருநாள் கண்ணை மூடியபடி அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவர், “டீச்சர், அதுல கேஸ் கம்மியா இருக்கு. ஜாயிண்டுல லீக்கு. நட்ட நல்லா இறுக்குனா நின்னுரும், போயிச் சொல்லு” என்றார்.

போய்ச் சொன்னேன். அந்த வீட்டுக்காரர் மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டார்.

“ஆமா டீச்சர், மாட்டினவனும் சொன்னான். லீக்கு பாக்கணும்னா சுவத்த ஒடைக்கணுமாம். கொறைய கொறைய ஏத்திக்கிருவோம்னு விட்டுட்டோம்.”

வந்து அவரிடம் சொன்னேன். ஜன்னலைச் சாத்தவா என்று கேட்டேன். சாத்தினால் புழுங்கும், திறந்தால் அனல். எது தேவலை என்று கொஞ்சம் யோசித்தார். பிறகு, “உன் இஷ்டம்” என்றார்.